ஃபாபியேன் மனைவியின் கணக்கு

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் ஒரு மணிக்கூண்டு உண்டு. ஆனால் மீன் எப்போது வரும் என்று கேட்டால், கூடை வைத்திருக்கும் அம்மாள் அந்த மணிக்கூண்டைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். "வாடைக் காத்து தூக்கி அடிக்குதும்மா. போட்டு இன்னும் தேங்காத்திட்டுக்கே வரல. பத்து மணிக்கு மேல வந்து பாரு" என்பாள். இந்தப் பதிலில் கேட்டவளுக்கு மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. காற்று எப்படி இருக்கிறது என்பது ஒன்று. படகு எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் குறைந்தது எத்தனை மணி ஆகும் என்பது மூன்றாவது. பத்து மணி பதினொன்றாகப் போகலாம். போனாலும் அதற்காக யாரும் கூடையை உதைத்துவிட்டுப் போவதில்லை. காத்திருக்கலாமா, கறிகாயோடு வீட்டுக்குத் திரும்பலாமா என்று தீர்மானிப்பதற்கு வேண்டியதை அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள் அல்லவா?

மார்க்கெட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில், லாஸ்பேட்டையில், விமான நிலையம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கேட்பதும் இதே கேள்விதான்: எப்போது வரும், எப்போது கிளம்பும்? அங்கே பதிலாகக் கிடைப்பது வெறும் மணி மட்டும். பலகையில் ஒரு நேரம் காணப்படும். அது தவறினால் அரைமணி தள்ளி இன்னொரு நேரம். அதுவும் தவறினால் மேலும் அரைமணி. காற்றும் இல்லை, படகும் இல்லை. இது லாஸ்பேட்டைக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். உலகத்திலுள்ள விமான நிலையங்கள் எல்லாவற்றின் பாஷையும் இப்படித்தான் அமைந்துவிட்டது.

இந்த பாஷை எப்படிப் பிறந்தது, அதன் பெருமை என்ன, குற்றம் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு நாவலைச் சிபாரிசு செய்வேன். புதுச்சேரிக்குப் பழக்கமான பாஷையிலேயே எழுதப்பட்ட நாவல்தான். அந்த்துவான் த செந்த் எக்சுபெரியைத் தமிழ் வாசகர்கள் 'குட்டி இளவரசன்' என்ற சிறு புத்தகத்தின் மூலம் அறிவார்கள். அது 1943-இல் வந்தது. அதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால், 1931-இல், அவர் 'வோல் த நுயி' என்ற நாவலை வெளியிட்டார். இரவுப் பறப்பு என்று தமிழில் சொல்லலாம். ஆந்த்ரே ழீத் அதற்கு முன்னுரை எழுதினார். அந்த வருஷமே அதற்கு ஃபெமினா பரிசு கிடைத்தது. ஒரு மாலையில் படித்து முடித்துவிடக்கூடிய அளவுதான் புத்தகம்.

எழுதியவர் வேடிக்கை பார்த்துவிட்டு எழுதியவர் அல்ல. தாமே தபால் விமானம் ஓட்டியவர். 1929-இல் தென் அமெரிக்கா போய், அர்ஜென்டீனாவில் தபால் விமானக் கம்பெனி ஒன்றின் நிர்வாகியாக உத்தியோகம் பார்த்தவர். 1944-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி, யுத்தத்தின்போது வேவு பார்க்கப் பறந்தவர் திரும்பி வரவில்லை. ஆகையால், விமானம் நேரத்துக்குக் கிளம்புவது என்றால் என்ன என்று அவர் சொல்வதை நாம் மரியாதையோடு கேட்க வேண்டும். கேட்டபிறகு, ஓர் இடத்தில் அவரோடு மாறுபடுவதற்கும் நமக்கு உரிமை உண்டு.

கதை ஒரே ராத்திரியில் நடக்கிறது. தெற்கே பாடகோனியாவிலிருந்தும், மேற்கே சிலியிலிருந்தும், வடக்கே பராகுவேயிலிருந்தும் மூன்று தபால் விமானங்கள் புவனோஸ் ஐரெஸ் நகரத்தை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. அவை கொண்டுவரும் கடிதங்களை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாத் தபால் கிளம்ப வேண்டும். இவ்வளவுக்கும் பொறுப்பாளி ரிவியேர் என்ற நிர்வாகி. சிலி விமானம் மலைத்தொடரில் புயலோடு போராடி வந்து சேர்ந்துவிடுகிறது. பாடகோனியா விமானத்தை ஓட்டிவரும் ஃபாபியேன் சூறாவளியில் மாட்டிக்கொள்கிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் இருட்டு; இறங்குவதற்கு இடம் இல்லை. கடைசியில் அவனைப் பற்றிய செய்தி நின்று போகிறது. பராகுவே விமானம் வந்து சேர்ந்ததும், காணாமல் போனவனுக்காகக் காத்திராமல் ஐரோப்பாத் தபால் புறப்படலாம் என்று ரிவியேர் உத்தரவிடுகிறார். அது புறப்பட்டுப் போகிறது. அவ்வளவுதான் கதை.

ரிவியேர் ஒரு பெரிய சிருஷ்டி என்பதில் சந்தேகம் இல்லை. அவருக்கு ஒரு வாதம் இருக்கிறது. பகலில் விமானம் ரயிலையும் கப்பலையும் முந்துகிறது; ராத்திரி இறக்கி நிறுத்திவிட்டால், பகலில் முந்திய தூரத்தை அவை எட்டிப் பிடித்துவிடுகின்றன. அப்படியானால் விமானத்தினால் என்ன பிரயோஜனம்? ராத்திரியும் பறக்க வேண்டும், குறித்த நேரத்தில் பறக்க வேண்டும். இந்த ஒரு கொள்கைக்காக அவர் எல்லோரையும் கசக்கிப் பிழிகிறார். நேரத்துக்குக் கிளம்பும் விமானிகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. தாமதமானால் அது கிடையாது. மூடுபனியினால் தாமதமானாலுமா என்று அவருடைய இன்ஸ்பெக்டர் ரொபினோ திகைக்கிறான். மூடுபனியானாலும் கிடையாதுதான். பனி விமானியின் குற்றம் அல்ல என்பது ரிவியேருக்குத் தெரியாதா? தெரியும். பணம் போகிறது என்ற கவலை இருந்தால், பனியில் ஒரு சிறு கிழிசல் தெரிந்தவுடன் விமானி பாய்ந்து கிளம்புவான். இல்லாவிட்டால் பனியைச் சாக்கு வைத்துப் படுத்துக்கொள்வான் என்பது அவருடைய கணக்கு.

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ரிவியேர் குறிக்கும் நேரம் ஓர் ஊகமா? இல்லை. இந்த விமானம் எப்போது கிளம்பும் என்று அவர் கணிக்கவே இல்லை. எப்போது கிளம்ப வேண்டும் என்று கட்டளை இடுகிறார். கட்டளைக்கும் கணிப்புக்கும் நடுவில் உள்ள தூரத்தை மனிதர்களைக் கொண்டு அடைக்கிறார். இன்றைய விமான டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் ரிவியேரின் நேரத்துக்குப் பேரப்பிள்ளை. அதுவும் ஒரு கட்டளைதான். கட்டளை என்று தெரியாதபடி அதைத் தகவல் போல உடுத்தியிருக்கிறார்கள்.

கட்டளையாக இட்ட நேரம் பலித்த காலமும் உண்டு. நாவல் வெளிவந்த மறுவருஷம், 1932 அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சேவை முதல் வருஷம் முழுவதும் நேரம் தவறவில்லை என்று சர்க்கார் இலாகாவே பாராட்டியது. மழைக்காலத்திலும் தவறவில்லை. கேட்கும்போது ரிவியேரின் கட்சி ஜெயித்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் இன்னொரு விவரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது வாரத்துக்கு ஒரு தடவை நடந்த சேவை. சின்னஞ்சிறு புஸ் மாத் விமானங்கள். ஒரு பிரயாணத்துக்கும் அடுத்த பிரயாணத்துக்கும் இடையில் நாள்கணக்கில் அவகாசம். கிளம்ப வேண்டிய விமானம் முன்கூட்டியே வந்து கொட்டகையில் நிற்கும். நிற்கிற விமானத்துக்குக் கட்டளை இடலாம். இன்னும் வந்து சேராத விமானத்துக்கு எப்படிக் கட்டளை இடுவது?

செந்த் எக்சுபெரிக்கு இது தெரியாமல் இல்லை. நாவலிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதை அவர் நிர்வாகியிடம் கொடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். ஃபாபியேனுடைய மனைவி அவள். கல்யாணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. புருஷன் திரும்பும் ஒவ்வொரு ராத்திரியும் அவள் படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போடுகிறாள். இந்நேரம் இன்ன ஊரிலிருந்து கிளம்பியிருப்பார் என்று நினைத்துவிட்டுக் கொஞ்சம் தூங்குகிறாள். விழித்துக்கொண்டு, இப்போது அடுத்த ஊரின் விளக்குகள் தெரிய ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறாள். எழுந்து ஜன்னல் திரையை விலக்கி வானத்தைப் பார்க்கிறாள். மேகம் இருந்தால் கணக்கில் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறாள். வரும் நேரம் நெருங்கியதும் சாப்பாடும் சூடான காப்பியும் தயார் செய்ய ஆரம்பிக்கிறாள்.

அன்று ராத்திரி அவளுடைய கணக்குப்படி வந்திருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. ஆபீசுக்கு டெலிபோன் செய்கிறாள். அங்கே இருக்கும் குமாஸ்தாவுக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை. டெலிபோனை இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறான். தாமதம் என்கிறார்கள். ஏன் தாமதம் என்று அவள் கேட்கிறாள். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மணி நேரம்தானே ஆகும் என்று அவள் கணக்கு கேட்க ஆரம்பித்ததும் ஆபீசில் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். வாசகனுக்கு நெஞ்சு அடைக்கிற இடம் இது. சூறாவளியை வருணிக்கும் பக்கங்கள் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் அந்த டெலிபோன் பேச்சுக்கு முன்னால் அவை நிற்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நாவலாசிரியரோடு நான் மாறுபடுவதும் இந்த இடத்தில்தான். ரிவியேரும் அந்தப் பெண்ணும் சந்திக்கும்போது, ஆசிரியர் இரண்டு உலகங்களை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒரு பக்கம் கடமை, காரியம், மனித ஆயுளைவிட நீடித்து நிற்கக்கூடிய ஏதோ ஒன்று. இன்னொரு பக்கம் வீடு, விளக்கு, அன்பு. இரண்டும் தம் தம் அளவில் நியாயமானவை, ஒன்றோடொன்று பேச முடியாதவை என்பது அவர் தீர்ப்பு. இதைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் ரிவியேரை வணங்கினார்கள். எத்தனையோ பேர் அவரைக் கல்நெஞ்சன் என்றார்கள். அந்தப் பெண்ணை மட்டும் இரண்டு கட்சியாரும் அன்பின் பிரதிநிதி என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். அவள் கணக்குப் போட்டவள் என்பதை மறந்துவிட்டார்கள். விமானம் எங்கே இருக்கும், எத்தனை மணிக்கு வரும் என்பதை வானத்தைப் பார்த்து, தூரத்தைக் கூட்டி, ஒவ்வொரு ராத்திரியும் சரிபார்த்து வந்தவள் அந்தப் புத்தகத்தில் அவள் ஒருத்திதான். அவளிடம் இருந்தது அன்பு மட்டும் அல்ல, அறிவும்கூட. ஆசிரியர் அந்த அறிவைத் தம் கையாலேயே எழுதிவிட்டு, அதற்கு உரிய இடத்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கடைசியில் ஆபீசும் அவள் வழிக்கே வருகிறது. ஃபாபியேனின் விமானத்தில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் இருக்கும், எத்தனை மணிக்கு மேல் அது ஆகாயத்தில் இருக்கமுடியாது என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்த மணி கடந்ததும் நம்பிக்கை தீர்ந்துவிடுகிறது. நாவல் முழுவதிலும் ஆபீசார் போட்ட நேர்மையான கணிப்பு அது ஒன்றுதான். அதையும் அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். டெலிபோனில் கேட்டவளுக்குச் சொல்லவில்லை.

இப்போது லாஸ்பேட்டைக்கு வரலாம். புதுச்சேரிக்கு விமானம் எப்போது கிளம்பும் என்பதைவிட, கிளம்புமா என்பதே பல வருஷங்களாகப் பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. 2013 ஜனவரியில் பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் சேவை தொடங்கியது, மறுவருஷமே நின்றது. 2015-இல் அலையன்ஸ் ஏர் வந்தது. அந்த வருஷமே போயிற்று. 2017 ஆகஸ்டில் ஹைதராபாத்துக்கு மீண்டும் ஸ்பைஸ்ஜெட். 2020-இல் கொரோனா வந்து நிறுத்தியது. 2021-இல் திரும்ப வந்தது. 2024 மார்ச்சோடு நின்றது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி இண்டிகோ கம்பெனி பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சேவை தொடங்கியது. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். ஆகையால் பெரிய ஜெட் விமானம் இறங்க முடியாது. 78 ஆசனங்கள் கொண்ட ஏ.டி.ஆர். விமானம் வந்து இறங்கி, இருந்தவர்களை இறக்கி, நின்றவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்.

இதிலிருந்து தெரிவது என்ன? லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பும் விமானம் லாஸ்பேட்டைக்கு வந்த விமானம்தான். அது வராமல் கிளம்ப முடியாது. பெங்களூரிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு மணி. இறக்கி ஏற்ற ஏறக்குறைய அரைமணி. பெங்களூரில் விமானம் இன்னும் தரையில் நிற்கிறது என்று தெரிந்தால், இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குள் இங்கிருந்து யாரும் கிளம்பப் போவதில்லை என்று மூன்றாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அந்தச் சமயத்தில் பலகையில் அரைமணி தாமதம் என்று போட்டிருந்தால், அதை எழுதியவர்களுக்கே அது நடக்காது என்று தெரியும். இதுதான் ஃபாபியேன் மனைவி போட்ட கணக்கு.

இந்தக் கணக்கை இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோகலாம். ஒரே விமானம் காலையிலிருந்து ராத்திரி வரையில் ஊர் ஊராகப் போய்த் திரும்புகிறது. காலையில் எங்கோ இருபது நிமிஷம் பிந்தினால், இடையில் அவகாசம் விட்டிருந்தால் ஒழிய, அந்த இருபது நிமிஷம் அடுத்த ஊருக்கும் கூடவே போகிறது. போகிற இடத்தில் இன்னும் பத்து நிமிஷம் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் நாளின் முதல் விமானம் பெரும்பாலும் நேரத்துக்குப் போகிறது. மாலை விமானம் பிந்துகிறது. முதல் விமானம் இரவே வந்து நிற்கிறது, டாட்டாவின் புஸ் மாத்தைப் போல. அதற்குத்தான் கட்டளை பலிக்கிறது.

அமெரிக்காவில் 1987-லிருந்து பெரிய கம்பெனிகள் தங்கள் தாமதக் கணக்கைச் சர்க்காருக்குக் கொடுத்தாக வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்குள் என்றால் நேரத்துக்கு வந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். நம் நாட்டிலும் சிவில் விமான இலாகா பெருநகர நிலையங்களை வைத்து மாதந்தோறும் இப்படி ஒரு கணக்கு வெளியிடுகிறது. இம்மாதிரி பழைய கணக்குகளைக் கோடிக்கணக்கில் யந்திரத்துக்கு ஊட்டி, இன்றைய விமானம் பிந்துமா என்று முன்கூட்டியே சொல்ல வைக்கலாம் என்று பலர் முயன்றிருக்கிறார்கள். கூகிள் கம்பெனி 2018 ஜனவரியில் அப்படிச் சொல்ல ஆரம்பித்தது. நூற்றுக்கு எண்பது பங்காவது நிச்சயம் இருந்தால்தான் சொல்வோம் என்று ஒரு நிபந்தனையும் வைத்துக்கொண்டது. விமான கம்பெனி வாய் திறப்பதற்கு முன்பே யந்திரம் சொல்லிவிடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வெளியில் இருப்பவர்களால் கணிக்க முடிகிறது என்றால், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

இந்தக் கணிப்புக்கும் எல்லை உண்டு. விமானம் முன்னதாகக் கிளம்பினால் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பலாம். பிந்தினால் ஐந்து மணி நேரமும் பிந்தலாம். ஆகையால் சராசரி என்று ஒன்றை எடுத்துச் சொல்வதில் பயன் இல்லை. பத்துத் தடவையில் எத்தனை தடவை ஒரு மணிக்கு மேல் பிந்துகிறது என்று சொன்னால் பயன் உண்டு. டில்லிப் பக்கத்துக் குளிர்காலப் பனி எப்போது கலையும் என்று எந்த யந்திரமும் நிமிஷக் கணக்கில் சொல்லிவிடாது. மனிதர்களின் களைப்பும் கணக்கில் வருகிறது. 2025 டிசம்பரின் முதல் நாட்களில், விமானிகளின் ஓய்வு பற்றிய புது விதிகளுக்கு ஏற்றபடி ஆள் ஏற்பாடு செய்யாததால், இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை ரத்து செய்ய நேர்ந்தது. ரிவியேராக இருந்தால் ஓய்வு என்ற வார்த்தையையே கேட்டிருக்கமாட்டார். விமானியும் தூங்க வேண்டும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருப்பது நல்ல காலம். ஆனால் அப்படி ஒப்புக்கொண்டபிறகு, அது நேரக் கணக்கில் ஏற வேண்டாமா?

ரிவியேர் பக்கத்து நியாயம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இன்று விமானம் ஒரு மணி பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிரயாணிகள் ஒரு மணி பிந்தி வருவார்கள். தப்பித் தவறி விமானம் நேரத்துக்கு வந்துவிட்டால், ஏறுவதற்கு ஆள் இருக்காது. கணிப்பைச் சொல்வதே காரியத்தைக் கெடுத்துவிடும். மூடுபனிக்கும் ஊக்கத்தொகையைப் பிடித்துக்கொண்ட ரிவியேரின் தர்க்கம் இதுவேதான்: இளக்காரம் கொடுத்தால் கிழிசல் தெரியும்போது கிளம்ப ஆள் இருக்காது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அரைமணி அரைமணியாகத் தள்ளிச் சொல்லும் பழக்கத்துக்கு இப்படி ஒரு காரணமும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த அரைமணிகளுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து பெங்களூர் போய், அங்கே வேறு விமானம் மாறி வெளிநாடு போக வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் ஒன்றிரண்டு அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் சென்னை விமான நிலையத்தை அடைந்துவிடலாம். மூன்று மணி தாமதம் என்று காலையிலேயே தெரிந்தால் அவர் கார் பிடித்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பி, அங்கிருந்து வேறு வழி தேடலாம். அரைமணி என்று ஆறு தடவை சொன்னால் அவர் ஆறு தடவையும் உட்கார்ந்திருப்பார். ஆறாவது அரைமணி முடியும்போது காருக்கும் நேரம் இல்லை, விமானமும் இல்லை. தாமதம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மூன்று மணி நேரம். சொல்லாமல் விட்டது எடுத்துக்கொண்டதோ, முடிவு செய்யும் உரிமை. ஆறு மணிக்கு மேல் தாமதம் என்று முன்பே தெரிந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னால் அறிவிக்க வேண்டும், பணத்தைத் திருப்பவோ மாற்று விமானம் தரவோ வேண்டும் என்று நம் நாட்டு விதி இருக்கிறது. துண்டு துண்டாக வளரும் தாமதத்தில் அந்த விதி எந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ளும்?

2024 ஜனவரி மத்தியில், டில்லியில் மூடுபனியால் பல மணி நேரம் பிந்திய ஒரு விமானத்தில், மேலும் தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்த விமானியைப் பிரயாணி ஒருவர் பாய்ந்து அடித்தார். அந்தக் காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்தது. அடித்தது குற்றம், அதற்குச் சமாதானம் கிடையாது. ஆயினும் அந்த விமானி நின்ற இடத்தைக் கவனியுங்கள். மூடுபனியை அவர் உண்டாக்கவில்லை. நேரத்தை அவர் குறிக்கவில்லை. நாவலில் டெலிபோனை எடுத்த குமாஸ்தாவைப் போல, வேறு யாரோ சொல்லாமல் விட்டதைத் தன் வாயால் சொல்லும்படி நிறுத்தப்பட்டவர் அவர்.

அப்படியானால் வழி என்ன? மார்க்கெட்டு அம்மாள் வழிதான் என்று தோன்றுகிறது. அவள் பத்து மணிக்கு வரும் என்று சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் என்றாள். அந்த 'மேல்' என்ற வார்த்தையில் பெரிய நேர்மை அடங்கியிருக்கிறது. எப்போது கிளம்பும் என்று எந்த விமான கம்பெனியும் சத்தியம் செய்ய முடியாது. எத்தனை மணிக்கு முன்னால் கிளம்பவே முடியாது என்று சத்தியமாகச் சொல்ல முடியும். விமானம் இன்ன ஊரில் நிற்கிறது, இன்ன காரணத்தால் நிற்கிறது, பதினொன்றரைக்கு முன்னால் இங்கிருந்து கிளம்பாது என்று ஒரே வாக்கியம் போதும். பிரயாணிகள் பிந்தி வந்து விமானத்தைத் தவறவிடும் ஆபத்தும் இதில் இல்லை. பதினொன்றரைக்கு முன்னால்தான் அது கிளம்பப் போவதில்லையே! மிச்சக் கணக்கை அவரவர் போட்டுக்கொள்வார்கள். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்பதைக் கையிலுள்ள போனில் எவரும் பார்த்துக்கொள்ளும் காலம் இது. ஃபாபியேன் மனைவி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்ததைக் கோடிக்கணக்கானவர்கள் செய்து கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வெறும் மணியை மட்டும் சொல்வது, அந்த ஆபீசார் டெலிபோனில் தாமதம் என்று மட்டும் சொன்னதற்குச் சமானம்.

நாவலின் கடைசியில் ஐரோப்பாத் தபால் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும் ஓசையை ரிவியேர் கேட்கிறார். ஒருமுறை அது காத்திருந்தால், இரவில் பறப்பதே கூடாது என்று சொல்லக் காத்திருப்பவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் வெற்றி பெற்றுவிட்டார் என்று ஆசிரியர் சொல்கிறார். சுமக்கக் கனமான வெற்றி என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். கலைஞன் என்ற முறையில் அது அவருடைய பெருமை. இன்று உலகத்தில் ராத்திரிப் பறப்பு சர்வசாதாரணமாக நடப்பதற்கு ரிவியேர்கள் காரணம் என்பதையும் மறுக்க முடியாது. நேரத்தைக் கட்டளையிட்டுக் காரியத்தை நடத்திக் காட்டினார்கள். காத்திருப்பவர்களிடம் பேசுவதற்கு ஒரு பாஷையை மட்டும் அவர்கள் உண்டாக்கிக் கொடுக்கவில்லை.

புத்தகத்தைக் கையில் எடுக்கும் வாசகர்கள் சூறாவளிப் பக்கங்களை எப்படியும் விரும்பிப் படிப்பார்கள். டெலிபோன் வரும் அத்தியாயத்தில் கொஞ்சம் நிதானிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் அழுவதற்காக டெலிபோன் செய்யவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை, எங்கே தப்பு என்று கேட்பதற்காகச் செய்தாள். அந்தக் கேள்விக்கு அன்றே ஓர் ஒழுங்கான பதில் கிடைத்திருக்க வேண்டும்.